உடம்பே இல்லாதவளுக்கு எட்டு வருஷமாகச் சுகர்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
18 அக்டோபர் 2025, சனிக்கிழமை

என் தங்க மகன் மேத்யூவுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டுக்கொண்டு, ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ அங்கே கல்ஃபில், சலாலாவில் சண்டை இல்லாமல் சாப்பாடு மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம், அம்மா காகிதத்தை எடுத்துவிட்டாளே என்று நினைப்பாய். அத்தாவுல்லா பாய் மகன் அமான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் நெத்திலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன். போன வாரம் விடியற்காலையில் நீ போன் போட்டு, அம்மா உனக்கு ஒண்ணும் இல்லையே, ரோசிலி அக்கா குரல் திடீர்னு மாறிப்போச்சி, எனக்கு என்னமோ உனக்கே ஏதோ ஆயிட்ட மாதிரி பக்குனு ஆயிடுச்சி என்று பதறினாயே, அப்போது ஒன்றுமில்லை என்று சிரித்து வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால்தான் எழுதக் கை வருகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எதிர்வீட்டுப் பூவம்மா பிழைத்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள், நேற்றுகூட என்னைத் திட்டினாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

தெருமுனை மாதா கெபி மைக்கில் நான் பேச ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. ஜெபமாலை எத்தனை மணிக்கு, யார் வீட்டில் சாவு, அடக்கம் எப்போது, தண்ணி லாரி எந்த முனையில் நிற்கிறது, ரேஷனில் என்ன வந்திருக்கிறது, எல்லாம் என் வாயால்தான் தெருவுக்குப் போகும். மிக்ஜாம் புயலன்று கரண்ட் போவதற்கு முன்னால், எல்லாரும் பாயைச் சுருட்டிக்கினு பள்ளிக்கூட மாடிக்கு ஏறுங்க என்று ஒரு தடவைதான் சொன்னேன், ஒருத்தர் விடாமல் ஏறினார்கள். பூவம்மா கோயிலுக்கு வருகிறவள் இல்லை, ஆனாலும் அவள் பொழுது முழுக்க என் மைக்கை வைத்துத்தான் நடக்கும். என் பேரைச் சொல்லி, சிலுவை சொல்லிட்டா சரிதான் என்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொன்னால் மாதா மன்னிக்க மாட்டாள்.

பொங்கல் முடிந்து ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் மகன் ஜெரி வந்தான், உன்னோடு ஒன்பதாவது வரை படித்தவன், இப்போது விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். ஆன்ட்டி உங்க வாய்ஸ் சூப்பரு, மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரு அம்மா பேசுவாங்களே அது மாதிரி ரெக்கார்டிங்குக்கு வோணும், சும்மா படிங்க போதும் என்றான். மூன்று நாள் மத்தியானம் நம் உள்ளறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் படித்தேன். சிரிக்கச் சொன்னான் சிரித்தேன், கோபமாகப் பேசச் சொன்னான், அதற்கு எனக்குச் சொல்லித் தரவா வேண்டும். கடைசியில் ஒரு டேப்லட்டை நீட்டினான், விரலால் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நம் தெருப் பிள்ளையிடம் போய் என்னத்தைக் கேட்பது. வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் நீ இறங்கும்போது அம்மா குரல் கேட்டு அசந்துபோவாய் என்று நினைத்து உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஈஸ்டர் கழித்து போன் வீடியோவில் ரோசிலி அக்கா வந்தாள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் எனக்கு முதலில் அனுப்பினாய். நாற்பது வயசு, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, காதில் ஜிமிக்கி, அடுப்பில் மீன் குழம்பு, வாயில் நம்ம பாஷை. இன்னா புள்ளைங்களா துன்னீங்களா, உங்க ரோசிலிக்கா வந்துகினே கீறேன் என்று அவள் ஆரம்பித்தாலே தெருவில் எல்லா வீட்டு போனிலும் அதுதான். புருஷனைக் கிண்டல் பண்ணுவாள், மாமியாரைக் கிண்டல் பண்ணுவாள், நம்ம ஏரியாவைக் கேவலமாகப் பேசினவனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். லட்சம் லட்சமாக ஆள் சேர்ந்தது. காசிமேட்டுக்காரி என்று ஒருத்தர், இல்லை தண்டையார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று ஒருத்தர். அத்தாவுல்லா பாய் தன் ஐஸ் கடைக்கு அவள் வாராவாரம் வருவதாகவும், பேரம் பேசவே மாட்டாள் என்றும் சத்தியம் செய்தார். நம் தெருவில் நாலு பேர் அவளை நேரில் பார்த்திருந்தார்கள். ஒருத்தி அவளோடு சேர்ந்து டீகூடக் குடித்திருந்தாள்.

நான் முதல் தடவை கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டேன் மேத்யூ. மற்றவர்களுக்குத் தங்கள் குரல் தெரியாது, நான் இருபத்திரண்டு வருஷமாக என் குரலைக் குழாய் வழியே கேட்டவள். ஜெரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமா ஆன்ட்டி, அப்படி ஒரு பொம்பளையே கிடையாது, கம்ப்யூட்டர்லயே செஞ்சது, மூஞ்சி எங்களுது, வாய்ஸ் உங்களுது, வெளிய சொல்லிடாதீங்க என்றான். ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்தாயே என்று நான் அவனை அறைந்திருக்க வேண்டும். செய்யவில்லை. உள்ளுக்குள் பூரித்துப்போனேன். நம் அம்பத்தெட்டு வயசுக் குரலுக்கு இத்தனை ரசிகர்களா என்று தனியாக இருக்கும்போது போட்டுப் போட்டுக் கேட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயைக் கேட்டே கெட்டேன்.

மயங்காத ஒரே ஆள் உன் அப்பாதான். முப்பது வருஷம் துறைமுகத்தில் வின்ச்சுக்குப் பக்கத்தில் நின்று காது போனவர் இல்லையா, அவருக்கு ரோசிலியின் பேச்சு எதுவும் எட்டாது. படத்தை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இது ஆளே இல்லடி, குழம்பு கூட்டும்போது கையில நாலு வளையல் இருந்துது, கொதி வரங்காட்டியும் ஆறாயிடுச்சி, சங்கராவுக்கு முள்ளே காணோம், இந்தப் பொம்பளை ஜென்மத்துல மீன் ஆஞ்சதில்ல என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்கிறார்களே, எனக்குப் பாதிப் பொய் மிச்சம் என்று அவரும் சிரித்தார். உண்மை தெரிந்த நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் ரோசிலி ஒரு பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டு வருசமா எனக்குச் சுகரு புள்ளைங்களா, மாத்திர துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சி, இந்தப் பொடியக் கலக்கிக் குடிச்சேன், மாத்திரையத் தூக்கிக் கடாசிட்டேன், இப்ப லட்டு துன்னுகினு ஜோரா கீறேன் என்றாள். உடம்பே இல்லாதவளுக்கு எட்டு வருஷமாகச் சுகராம். எனக்குச் சுருக்கென்றது. ஜெரியிடம் கேட்டேன், அது ஸ்பான்சரு ஆன்ட்டி, யாரு அத்தப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்தப் போறா என்றான். அவன் சொன்னதை நம்பவில்லை, ஆனால் நம்பினமாதிரி இருந்துகொண்டேன். அதை வெளியே சொன்னால் குரல் என்னுடையது என்பதையும் சொல்ல வேண்டுமே. அந்த ஒரு மாதத்துக்குத்தான் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியாரிடம் செய்தது போதவில்லை, அதனால் உன்னிடமும் செய்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கார்குழலி, பூவம்மாவின் மருமகள்தான், வாசலில் நின்று அலறினாள். போய்ப் பார்த்தால் பூவம்மா சமையல்கட்டில் விழுந்து கிடக்கிறாள், கண் செருகி, வாய் உலர்ந்து, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. பூவம்மா மகன் வரதன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான். அத்தாவுல்லா பாய் ஐஸ் வண்டியில் இருந்த பெட்டியை எல்லாம் தெருவில் இறக்கிவிட்டு அவளைப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். சுகர் அறுநூறைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் என்று சொல்லிவிட்டு முடிக்கவில்லை. மறுநாள் வார்டுக்கு வெளியே கார்குழலி என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை மூணு வாரமா மாத்திரையே போடலக்கா, நான் சண்டை போட்டேன், அதுக்கு அது இன்னா சொல்லுச்சி தெரியுமா, அந்த ரோசிலி சொன்னா நான் கேப்பனா, உள்ளேந்து பேசறது நம்ம சிலுவை, சிலுவையே சொல்லிட்டா அப்பறம் இன்னா என்று சொல்லுச்சிக்கா என்றாள். மேத்யூ, லட்சம் பேர் கேட்டார்கள், இருபது அடி தள்ளி இருக்கிற அவள் ஒருத்திதான் என்னை அடையாளம் கண்டிருக்கிறாள். அவள் பொம்மையை நம்பவில்லை. என்னை நம்பினாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. உன் அப்பாவிடம் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் உன் அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் தெருவுக்குச் சொல்வதும் ஒன்றுதானே. அது என் குரல்தாங்க என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஆங் என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னா குழலா என்றார். அப்புறம் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திவிட்டேன், அந்த ரோசிலி பேசறது என் குரலு, நான்தான் குடுத்தேன், பூவம்மாவ நான்தான் சாவடிக்கப் பாத்தேன் என்று. கத்தி முடித்துத் திரும்பினால் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கூட்டத்தில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனும் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார், கையில் அதே பொடி டப்பா, பாதி காலியாகியிருந்தது. நானும் இதான் குடிச்சிகினு கீறேன் என்றார். மகன் செய்த பொம்மை சொல்லி அப்பன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். மகனுக்கு அது தெரியாது, அப்பனுக்கு இது தெரியாது.

அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ரோசிலின்னு ஒரு ஆளு கிடையாது, அது கம்ப்யூட்டர் பொம்மை, குரலு என்னுது, வார்த்தை என்னுது இல்ல, அந்தப் பொடிய நம்பி மாத்திரைய நிறுத்தினவங்க யாராருந்தாலும் இப்பவே எழுந்து டாக்டராண்ட போங்க, என்னை அப்பறமாத் திட்டிக்கலாம் என்றேன். நம் தெருவிலும் பின்தெருவிலுமாக ஐந்து பேர் டப்பாவோடு வந்தார்கள், தாங்கள் முட்டாள் ஆனதை யாரும் மறைக்கவில்லை. ரோசிலியோடு டீ குடித்தவள் மட்டும் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் பேசினதை, கெபியில் எனக்குக் கூடமாட உதவுகிற ஜெனிஷ் போனில் பிடித்து நெட்டில் போட்டான், கீழே ஜனங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினான். இந்தக் கிழவிதான் கம்ப்யூட்டரில் செய்தது, ரோசிலி அக்காதான் ஒரிஜினல், பொறாமையில் பேசுகிறது என்று எழுதியிருந்தார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முட்டி வலியும் முகத்தில் மருவுமாக நான் பொம்மையாம். ஜெரி மறுநாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான், அப்பாவைப் பார்த்து அழுதுவிட்டிருக்கிறான். எப்படியோ கம்பெனியில் சண்டை போட்டுப் பொடி வீடியோவை எடுக்கவைத்தான், அப்புறம் என் குரலையும் எடுக்கவைத்தான், அதற்குத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. ரோசிலி போகவில்லை, அவளை எடுக்க அவனால் முடியாதாம். இப்போது ஏனுங்க வாங்க என்று கோயம்புத்தூர்க் குரலில் பேசுகிறாள். அந்த அம்மா யாரோ பாவம், என்ன சொல்லி வாங்கினார்களோ.

நாலாம் நாள் பூவம்மா கண் திறந்தாள். கார்குழலி வந்து அத்தை உன்னக் கேக்குதுக்கா என்றாள். எனக்கு வார்டு வாசல்படி ஏறக் கால் வரவில்லை, உன் அப்பா பின்னாலிருந்து தள்ளினார். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள், பாதியாக இளைத்துப்போயிருந்தாள். நான் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பூவு, அத்த நான் சொல்லல, என் குரல வச்சி யாரோ சொன்னது, தெரிஞ்சும் நான் வாய மூடிகினு இருந்துட்டேன் என்றேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நீ சொல்லலியா என்றாள். இல்லை என்றேன். அப்ப நீயா இப்ப சொல்லு, மாத்திர போடவா வேணாவா என்றாள். போடு பூவு என்றேன். வாயைத் திறந்தாள். நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை நான்தான் அவள் நாக்கில் வைத்தேன். எனக்கு அங்கேயே விழுந்து அழ வேண்டும் போல இருந்தது, அழுதும் விட்டேன், உன் அப்பாவும் காது கேட்காமலே கூட அழுதார்.

அதற்கப்புறம் நான் மைக்கைத் தொடவில்லை. அக்டோபர், ஜெபமாலை மாதம் பிறந்தும் ஜெனிஷ்தான் வாசித்தான், சாமியார் கூப்பிட்டனுப்பியும் போகவில்லை. இந்த வாயைக் கொஞ்ச நாள் மூடி வைப்போம் என்றிருந்தேன். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பூவம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கினவள் வீட்டுக்குள் போகாமல் நடுத்தெருவில் நின்றுகொண்டு, யார் செத்தாலும் மைக்குல சொல்றியே, நான் பொழச்சி வந்துருக்கேன், அத்த எவ சொல்லுவா என்று கத்தினாள். தெருவே சிரித்தது. போய்ச் சொன்னேன். பூவம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க, உயிரோட நல்லா கீறாங்க, யாரும் ஸ்வீட்டு எடுத்துகினு போகாதீங்க என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கெபி வாசலில் ஒரே கூட்டம். என் குரல் கேட்டதும் பேசுவது நான்தானா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்து மைக்கைக் கெபி உள்ளறையிலிருந்து எடுத்து வெளியே மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், பேசுகிறவர் முகம் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

பூவம்மா இப்போது புதிதாக ஒரு பேஜாரு பண்ணுகிறாள். காலையிலும் சாயங்காலமும் சாப்பிட்டதும் நான் அவள் வீட்டுக்கு நடந்து போய், எதிரில் நின்று, மாத்திர போடு என்று சொன்னால்தான் போடுவாள். மைக்கில் சொன்னால் ஆகாது, போனில் சொன்னால் ஆகாது, எதிர் ஜன்னலிலிருந்து கத்தினால் காது கேட்காதமாதிரி இருப்பாள். நேற்று ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனதற்குத்தான் திட்டு. என் முட்டி வலிக்கிறது, ஆனாலும் போய் வருகிறேன், போய் வந்தால்தான் எனக்கும் சாப்பாடு இறங்குகிறது. திங்கட்கிழமை தீபாவளி, உனக்கென்று முறுக்கு சுட்டு அமானிடம் தனியாகக் கொடுத்திருக்கிறாள், அவனே தின்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் காகிதத்தை மடிக்க மாட்டேன். ரோசிலி அக்கா பேசறது நீயே பேசற மாதிரி கீதும்மா, தினம் டியூட்டி முடிஞ்சி படுக்கும்போது கேட்டுட்டுத்தான் தூங்கறேன் என்று நீ மே மாதத்தில் எழுதினாய். எனக்கு அப்போது ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. அதற்கப்புறம் செப்டம்பர் முடிய நீ எனக்கு போன் போட்டது ஏழு தடவை. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். அம்மா குரலைக் கேட்டாயிற்று, மனசு நிறைந்துவிட்டது, தூங்கிவிட்டாய். ஆனால் ராசா, என் குரல் உனக்குக் கிடைத்தது, உன் குரல் எனக்குக் கிடைக்கவில்லை. நீ இருமினால் அவளுக்குத் தெரியாது, நீ சாப்பிடவில்லை என்றால் அவளுக்குத் தெரியாது. போன வாரம் குரல் மாறிப்போச்சே என்று பயந்து நீ கூப்பிட்டாயே, அந்தப் பயத்தில்தான் நான் பிழைத்தேன். போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், பையன் என்னைத் தேடிட்டாங்க என்று கத்தினேன், அதுவும் தெருவுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு உன் குரல் எப்படியும் எட்டாது, அதனால் வீடியோவில் வந்து முகத்தை நன்றாக வெளிச்சத்தில் காட்டச் சொல்கிறார், இளைத்திருக்கிறாயா என்று அவர் பார்த்துக்கொள்வாராம். மாதாவும் சூசையப்பரும் உன் ரெண்டு பக்கமும் நிற்கட்டும், வண்டி ஓட்டும்போது கவனம் சிதறாமல் காக்கட்டும். கருவாட்டை வெயிலில் ஒரு நாள் காயவைத்து எடுத்து வை, அங்கே புழுக்கம். இனிமேல் என் குரலில் யார் எது சொன்னாலும், நான் சொன்னேனா என்று என்னிடமே கேள். நாளை விட்டு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்டது போதும். நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன் அம்மா
சிலுவையம்மாள் கஸ்பார்